கட்டாத கண்

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே நடந்தது இது.

எங்கள் கோயிலின் வேட்டைத் திருவிழா என் கணவர் வீட்டாரின் உபயம். அன்று சுவாமி குதிரை வாகனத்தில் ஊர் எல்லைப் பனங்கூடல் வரை வேட்டைக்குப் போவார். அங்கே வெட்டி நட்டிருக்கும் வாழைக்குற்றியில் சுவாமிக்காக அம்பு எய்வது உபயகார வீட்டு ஆண். பல காலமாக எய்துவந்த, அவரின் தமையனான என் மைத்துனருக்குத் தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டதால், வில் என் கணவர் கைக்கு வந்தது. முதல் வருஷமே அம்பு வாழையை விட்டு விலகி, இடது பக்கம் நின்ற மேளக்காரரின் காலடியில் போய்க் குத்தியது. பிறகென்ன, அந்த வருஷம் மழை பிந்தியதற்கும் வெங்காயம் அழுகியதற்கும் அவர்தான் காரணம் என்று ஊர் வாய் மெல்லத் தொடங்கிவிட்டது. மனுஷன் வெளியில் சிரித்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த திருவிழா நெருங்க, பின்வளவில் ஒரு வாழைக்குற்றியை நட்டுப் பழகத் தொடங்கினார். அவருக்குத் தொழில் பஸ் ஓட்டுவது. சுன்னாகத்திலிருந்து பட்டணத்துக்குச் சனங்களை ஏற்றி இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு வில்லை எடுப்பார். மைத்துனர் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பிழை பிடிப்பார். முழங்கை தாழ்கிறது என்பார். நாணைக் கன்னம் மட்டும் இழுக்கவில்லை என்பார். இரண்டும் திருந்தின. ஆனாலும் எய்யும் அம்பெல்லாம் இடது பக்கத்துக் கிடுகு வேலியில்தான் போய் ஏறின. வேலிக்கு அங்காலே கட்டியிருந்த ஆட்டை நானே அவிழ்த்து வேறிடத்தில் கட்டினேன்.

எனக்குச் சும்மா நின்று பார்க்க வராது. வாயும் கொஞ்சம் நீளம். பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று பிடிபட்டது. நாண் வலது கன்னத்துக்கு வரும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பி, மூக்கை நாணுக்கு மேலால் நீட்டி, இடது கண்ணால் பார்த்தார். மைத்துனர் “தலையைத் திருப்பாதை” என்று கத்தக் கத்த, ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையே செய்தார்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கண்ணைக் கட்டிவிட்டால் தலை தானாய் நேரே நிக்கும்” என்றேன். மைத்துனரும் அதைப் பகிடியாய் எடுத்துச் சிரித்தார். மைத்துனரின் சால்வையையே மடித்து, இவரின் இடது கண்ணை மட்டும் மறைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டேன். வில்லைக் கையில் கொடுத்தேன்.

அவர் எய்யவில்லை. அப்படியே நின்றார்.

“உனக்கென்ன விசரே? ரண்டு கண்ணையும் கட்டிப்போட்டு எய்யச் சொல்லுறாய்.”

விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனேன். வலது கண் நன்றாகத் திறந்திருந்தது. பின்னேர வெயில் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. இமை சுருங்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

“கட்டேல்லையப்பா. அந்தக் கண் திறந்துதான் கிடக்கு” என்றேன்.

அவர் வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தன் வலது கண்ணைத் தானே தொட்டுப் பார்த்தார். திறந்த கண்ணில் விரல் முட்டியது. மைத்துனர் எழும்பி வந்து முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். “ஏதோ புகை மாதிரிக் கிடக்கு அண்ணை” என்றார் இவர். நோவில்லாமல், சிவப்பில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. மற்றக் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் அவருக்கே தெரியவில்லை.

மூவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். யார் முதலில் பஸ்ஸை நினைத்தது என்று தெரியாது. இந்த நாட்டில் எதிரே வரும் வண்டியெல்லாம் சாரதியின் வலது பக்கத்தாலேதான் போகும். மாட்டு வண்டி, லொறி, சைக்கிள் எல்லாம் அந்தப் பக்கம்தான். எவ்வளவு காலமாக அப்படி ஓட்டினார்? அன்று காலையும் ஓட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அவர் இடது கண்ணின் கட்டை அவிழ்த்தார். “ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை. ஒரு கண்ணே போதும். இவ்வளவு நாளும் ஓட்டினனான்தானே.”

பஸ் போனால் எங்கள் அடுப்பும் போகும் என்று எனக்கும் தெரியும். அப்போது என் வயிற்றில் மூத்தவள். “நாளைக்கு என்னை முன் சீற்றிலை ஏத்திக்கொண்டு பட்டணத்துக்குப் போவியளோ?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தோள் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

மறுநாள் பஸ்ஸைக் கொண்டுபோனது வேறொருவர். நாங்கள் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது, வலது கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். அதே வியாதி இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். அறுவை செய்து அந்தக் கண்ணைக் காப்பாற்றித் தந்தார். அந்த வருஷம் வேட்டைத் திருவிழாவில் அம்பை யார் எய்தார், வாழையில் பட்டதா என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.

பிறகு அவர் சந்தையில் வெங்காய வியாபாரத்தில் இறங்கினார். கஷ்டப்பட்டோம், ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, அந்த நாளில் அவர் பஸ்ஸில் போய்வந்தவர்கள் கூடையோடும் கைக்குழந்தையோடும் என்னைத் தாண்டிப் போவார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது, இந்தச் சனமெல்லாம் இன்றைக்கு உயிரோடு வெங்காயத்துக்கு விலை பேசுகிறதே என்று நெஞ்சு ஒருதரம் நின்றுதான் அடிக்கும்.