இலவன்குளத்துச் சந்தியில் நின்ற லொறி

எங்கள் வீட்டுக்கு அந்தக் கூடாரத்தைக் கொண்டுவந்தவர் சாச்சா, வாப்பாவின் தம்பி. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அவருக்குக் குசினி வேலை. காற்றுக் காலத்தில் அவர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குவார்கள். காற்று விழுந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போன ஒருவர் விட்டுச்சென்ற கூடாரம் அது. ஓரிடத்தில் கிழிந்திருந்தது. சாச்சா அதை வலை நூலால் தைத்து, ஒரு பின்னேரம் எங்கள் முற்றத்து மணலில் நிமிர்த்திக் காட்டினார். தம்பியும் நானும் உள்ளே புகுந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டோம்.

உம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திக் கேட்டார்.

"வீடு இருக்கிறவங்க ஏன் வெளியில படுக்கிற?"

"அது ஒரு ஆசைக்கு மச்சி," என்றார் சாச்சா. அண்ணன் மனைவி அவருக்கு மச்சி.

"ஆசைக்கு," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உம்மா மறுபடி மீனுக்குத் திரும்பினார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யுத்தக் காலத்தில், தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது உம்மாவுக்கு, கூடாரம் வந்த அன்றைய என் வயதுதான். மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வில்பத்துக் காட்டுப் பாதையால் நடந்து புத்தளம் வந்தவர். வந்த பிறகு பல வருடங்கள் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் மழைக்கு நனைந்து வளர்ந்தவர். நாங்கள் அந்தக் குடியேற்றத்திலேயே பிறந்தோம். அதன் மணலும் உப்புத் தண்ணீரும் எங்களுக்குப் பழகிய சாமான்கள்.

சாச்சா கூடாரம் கொண்டுவந்த காலத்தில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காட்டுப் பாதை திறந்திருந்தது. எங்கள் வீட்டு வரிசையிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. உம்மாவுக்கு அங்கே ஒரு வளவு உண்டு. பெண்பிள்ளைக்கென்று அவருடைய பெற்றோர் ஒதுக்கிவைத்தது, கிணற்றோடு. இப்போது காடு ஏறிக் கிடந்தது. போய் வெட்டித் துப்புரவாக்கினால் இருக்கலாம் என்பது உம்மாவின் எண்ணம். வாப்பா மன்னார் டவுனில் பிறந்தவர். அங்கே அவருக்குத் திரும்பிப் போக எதுவும் இல்லை. இங்கே முதலாளி ஒருவரின் லொறியில் கற்பிட்டி வெங்காயமும் மிளகாயும் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கல்சுவர் பாதி எழும்பியிருந்தது. இதைப் பற்றி இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு குடும்பம் போன அன்று எங்கள் வீட்டில் பேச்சுக் குறையும், அவ்வளவுதான்.

போகிறவர்கள் போவதைச் சொல்லவும் மாட்டார்கள். இங்கே அகதிப் பதிவு வெட்டுப்பட்டு அங்கே ஊர்ப் பதிவு வராமல் நடுவில் நிற்க நேரிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் கல்யாண வீட்டுக்குப் போறம் என்பார்கள், கந்தூரிக்குப் போறம் என்பார்கள், ரெண்டு நாளில வந்துருவம் என்பார்கள். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவார்கள். கேட்பவர்களும் தெரியாத மாதிரியே தலையாட்டுவார்கள். மாதக்கணக்கில் அந்தக் கதவு திறக்காது. இது எங்கள் ஆட்களுக்குள் சொல்லாமலே பழகிப்போன ஒரு மரியாதை.

சாச்சாவுக்கு இதெல்லாம் நினைவில் இல்லை. அவருடைய தலைக்குள் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். நோன்புப் பெருநாள் லீவில் முதலாளி லொறியைத் தருவார், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பைச் சுற்றி ஒரு பயணம் போய்வருவோம் என்று தொடங்கினார். முற்றத்து மணலில் ஈர்க்கிலால் களப்பை வரைந்தார். மட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி ஒவ்வோர் ஊருக்கும் ஒன்றாக வைத்தார். நாங்கள் இருக்கும் மேற்குக் கரையில் புறப்பட்டுத் தெற்கே பாலாவி, அங்கிருந்து திரும்பிப் புத்தளம் டவுன், பிறகு கிழக்குக் கரையோடு வடக்கே வண்ணாத்திவில்லு, இலவன்குளம். அங்கே இடப்பக்கம் திரும்பினால் கலா ஓயா களப்பில் விழும் கங்கேவாடிய. முதல் ராத்திரி அங்கே. அடுத்த நாள் வந்த வழியே இறங்கி, சேராக்குளியில் கரையோரம் இரண்டாவது ராத்திரி. மூன்றாம் நாள் வீடு. நான் இதை அன்றைக்கே பாடமாக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எதையும் அவ்வளவு விரைவாகப் பாடமாக்கியதில்லை.

உம்மாவின் ஊருக்குப் போகும் காட்டுப் பாதை தொடங்கும் இலவன்குளத்தை ஈர்க்கில் தொட்டபோது உம்மா அருகில் வந்து நின்றார்.

"இலவன்குளம் வரைக்கும்தானா?"

"அங்கால என்னத்துக்கு மச்சி? காடுதானே," என்றார் சாச்சா.

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கதிரையில் இருந்தபடி சிரித்தார். தம்பி சிப்பிகளில் ஒன்றை வாயில் போட்டிருந்தான், அதற்காகச் சிரித்தார். உம்மா பார்த்தது சிரிப்பை மட்டும். லொறி, கூடாரம், வடக்கே போகும் பாதை, ரெண்டு ராத்திரி என்ற பேச்சு. வாப்பா கடைசியில் மனம் மாறிவிட்டார், வழக்கப்படி வெளியில் சொல்லாமல் மறைக்கிறார், அதற்குச் சாச்சாவைப் பேசவிட்டிருக்கிறார் என்று உம்மா எடுத்துக்கொண்டார். அவர் வேறு எப்படி எடுத்துக்கொண்டிருக்க முடியும் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உம்மா எங்கள் பயணத்தில் காட்டிய உற்சாகம் எங்களை ஆச்சரியப்படுத்தியது. கருவாடு போட்டார். மிளகாய்த்தூள் இடித்தார். வாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறைப்பு உடைந்துவிடும். வாப்பா லொறியில் ஹயருக்குப் போன நேரங்களில் அலுமாரியைக் காலியாக்கி மூட்டை கட்டினார். பயணத்துக்கு இவ்வளவு வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "வெளியில கதைக்காத மகள்," என்று கன்னத்தைக் கிள்ளினார். ரகசியம் என்றால் எனக்குப் பிடிக்கும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் லொறி வந்து நின்றது. அரிசி மூட்டை, பாய், மெத்தை, தையல் மெஷின், அம்மி, குழவி, பிடவையில் சுற்றிய குர்ஆன், கடகத்தில் கால் கட்டிய கோழிகள், எல்லாம் வாசலில் வரிசையாக இருந்தன. சாச்சா கூடாரத்தைத் தோளில் வைத்தபடி அதைப் பார்த்தார்.

"மச்சி, ரெண்டு ராத்திரிக்கு அம்மியுமா? கோழியும் டென்டுக்குள்ள படுக்குமா?"

"நல்லா நடிக்கிற தம்பி," என்றார் உம்மா சிரித்துக்கொண்டு. "ஏத்து."

அப்போது பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பெண்கள் உம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். அடுத்த வீட்டு மாமி ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்து, "எங்கட வளவுக்குள்ள கிணறு தூர்ந்து போச்சா எண்டு மட்டும் பாத்துச் சொல்லு புள்ள," என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். இன்னொருவர் தன் தாயை அடக்கிய கபுறடியில் ஒரு ஸலாம் சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடாரத்தில் படுக்கப் போகிறவர்களை இப்படித்தான் வழியனுப்புவார்கள்போல என்று நினைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வந்து பார்க்கவில்லையே என்று வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா லொறியின் பின்பக்கம் போனார். சில்லுகளைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? "ஏத்துவம்," என்றார். அம்மியைத் தானே தூக்கி வைத்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார்.

சாச்சா பின்னால் சாமான்களோடு இருந்தார். நாங்கள் முன்னால். வாப்பாவுக்குப் பக்கத்தில் நான், கதவோரத்தில் உம்மா, அவர் மடியில் தம்பி. பாலாவி தாண்டியும் உம்மா வாய் மூடவில்லை. தன் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இனிப்பு என்று சொன்னார். புளியமரம் இன்னும் நிற்குமா என்று கேட்டார். வாப்பா "ம்" என்றார். வண்ணாத்திவில்லு தாண்டியதும் உம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. பாதையோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் மட்டும், "இதாலதான் நாங்க நடந்து வந்த. காலில செருப்பில்ல," என்றார். அதையும் சந்தோஷமாகவே சொன்னார்.

இலவன்குளத்தில் லொறி கங்கேவாடியப் பாதைக்குத் திரும்பியபோது உம்மா திடுக்கிட்டார். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காட்டுப் பாதைக் கேட்டைப் பின்னேரம் பூட்டிவிடுவார்கள், இன்றைக்குப் போய்ச் சேர முடியாது, காலையில் போவதுதான் சரி என்றார். வாப்பா கியரை மாற்றினார்.

ஆற்று வாயில், உப்புத் தண்ணீரில் வேர்விட்ட கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் இறங்கினோம். சாச்சா கூடாரத்துக்கு முளை அடித்தார். "காலையில பிடுங்கிறதுக்கு ஏன் இவ்வளவு ஆழமா அடிக்கிற?" என்று உம்மா கேலி செய்தார். தோணிக்காரர் ஒருவரிடம் வாங்கிய மீனை ஆக்கினார். வெயில் சாயும் நேரத்தில் வாப்பா உம்மாவைத் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் மணலில் இருந்தார்கள். வாப்பா பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் நெடுநேரம் பேசினார். பிறகு உம்மா எழுந்து பிடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கோழிகளிடம் வந்து ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தார். எல்லாக் கோழியும் குடித்து முடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தார்.

அன்று நானும் தம்பியும் சாச்சாவும் கூடாரத்தில் படுத்தோம். பிற்காலத்தில் நான் கட்டுநாயக்கவில் எட்டுப் பேர் படுக்கும் போடிங் அறையிலும், குவைத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையிலும், பஸ் ஸ்டாண்டு வாங்குப் பலகைகளிலும் படுத்திருக்கிறேன். அந்தக் கூடாரத்தில் தூங்கியது போல எங்கும் தூங்கியதில்லை. உம்மா லொறியில் மூட்டைகளுக்கு மேல் படுத்தார் என்று காலையில் சாச்சா சொன்னார்.

காலையில் உம்மா தேத்தண்ணி ஊற்றினார், பேக்கரிப் பாணைப் பிய்த்துக் கொடுத்தார், தம்பியைக் குளிப்பாட்டினார். எல்லாம் வழக்கம்போல. சாச்சா மட்டும் பகிடி விடவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மறுபடி இலவன்குளத்துக்கு வந்தோம்.

சந்தியில் வாப்பா லொறியை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. வலப்பக்கம் சேராக்குளி, புத்தளம். இடப்பக்கம் காட்டுப் பாதை; கேட் திறந்திருந்தது, ஒரு வேன் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாமானெல்லாம் ஏத்தித்தான் இருக்கு. நீ சொல்லு. எந்தப் பக்கமெண்டாலும் திருப்புறன்."

அவர் அதை மனதோடு சொன்னார். குரலில் எரிச்சல் இல்லை. உம்மா இடப்பக்கம் பார்த்தார். வேன் மரங்களுக்குள் மறைந்து, தூசி மட்டும் நின்றது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடித்தது; வாப்பா கையை நீட்டி அதைப் போகச் சொன்னார். பிறகு உம்மா என் பக்கம் திரும்பினார்.

"மகள், நமக்கு எங்க போகணும்?"

எனக்குத் தெரிந்த கேள்வி அது. எங்கள் வீட்டில் அந்தப் பயணத்தை என்னைவிடச் சரியாக அறிந்தவர் யாருமில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வலப்பக்கம் கையைக் காட்டினேன்.

"இந்தப் பக்கம் உம்மா. இண்டைக்கு சேராக்குளியில டென்ட். நாளைக்கு வீடு. திங்கக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம்."

"வீட்டயா?"

"ஓம், வீட்ட."

உம்மா என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை சொல்வதைக் கேட்கிறவர் பார்ப்பது போல அல்ல, பெரிய ஆள் ஒருவர் சொன்னதை யோசிக்கிறவர் போல. பிறகு வாப்பாவிடம், "திருப்புங்க," என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் ஒன்பதாம் ஆண்டு வகுப்போடு விட்டேன். பதினெட்டு முடிந்தவுடன் வீட்டை விட்டும் கிளம்பிவிட்டேன். ஓரிடத்தில் இருக்க எனக்கு வரவில்லை. உம்மா இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். சுவர் எழும்பி, ஓடும் போட்டாகிவிட்டது.

அன்று லொறி வலப்பக்கம் திரும்பியதும் உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சேராக்குளி வரை விடவில்லை. கை வியர்த்தது, நோகவும் செய்தது. வழி தெரிந்த பிள்ளை என்று உம்மா என்னை மெச்சுகிறார் என்று நினைத்து, நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.