கடைசியாகத் திருத்தியவர்

என் தோழிக்கு எல்லாமே உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிடும். நான் எழுந்து போய், வரிசையில் நின்று, கேட்டு வாங்கவேண்டியதை அவள் ஒரு சிரிப்பில் வாங்கிவிடுவாள். செலண்டார் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பிலேயே இதைக் கவனித்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டியபின் இருவரும் சேர்ந்து பகுதிநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, இந்த வயதிலாவது அது மாறியிருக்கும் என்று நினைத்தேன். மாறவில்லை.

நான் தங்கா பத்துவில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் தஞ்சோங் கிளிங்கில் தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். சனிக்கிழமை வகுப்புக்கு நான் பஸ்ஸில் போவேன். அவளை அவள் கணவர் காடியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து, அவள் அன்றைக்கு வகுப்பைச் சிரிக்கவைத்த கதையைத் தன் கணவருக்குச் சொல்வதை நான் இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டு வருவேன். அவரும் சிரிப்பார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கும்.

கடைசி ஆண்டில் உள்ளூர் வரலாறு என்று ஒரு பாடம். விரிவுரையாளர் எங்களைவிட மிகவும் இளையவர், எங்கள் பிள்ளைகளின் வயது இருக்கும். நாங்கள் மேடம் என்போம். அவர்தான் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடத்தை எங்களுக்குக் காட்டினார். யார் வேண்டுமானாலும் ஒரு பெயரில் பதிந்துகொண்டு, வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் சாலையையும் வீட்டையும் கோடு போட்டு வரையலாம். உலகம் முழுக்க ஆட்கள் சும்மா உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். இரண்டு விதிகளை மேடம் அழுத்திச் சொன்னார். கம்பெனிகள் விற்கும் வரைபடத்தைப் பார்த்து இதில் போடக்கூடாது, அதுவும் காப்பிதான். நிலத்தில் இப்போது இருப்பதை மட்டும் போடவேண்டும். ஒருகாலத்தில் இருந்ததைப் போடக்கூடாது.

இது எனக்கென்றே செய்த வேலைபோல் இருந்தது. அடையாள அட்டையில் உள்ள என் முழுப்பெயரில் பதிந்துகொண்டு, நாங்கள் பிறந்த தோட்டத்தை வரைய ஆரம்பித்தேன். ரப்பர் பால்மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்துப் பல வருடமாகிறது, ஆனால் வீடுகளின் சிமெண்டுத் தரைகள் மரங்களுக்கு இடையே அப்படியே கிடக்கின்றன. வானத்துப் படத்தில் செம்பனை ஓலை மறைப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரிலேயே போய், ஒவ்வொரு தரையின் மூலையிலும் கைப்பேசியோடு நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். அட்டை கடித்த தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. கோயில், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் நின்ற களம், துருப்பிடித்து நிற்கும் ஒரு பைப்பு, எல்லாம் வரைந்தேன். பெயர்களை மட்டும் எழுதவில்லை. எதற்கு எந்தப் பெயர் என்று நிச்சயமான பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

அதற்குள் தோழி வந்து சேர்ந்தாள். அவள் பதிந்துகொண்ட பெயர் செலண்டார் ராணி. ஒரே உட்காரலில், ஒன்றிரண்டைத் தவிர நான் வரைந்த எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிவிட்டாள். முதல் லயன், ரெண்டாம் லயன், பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில். அந்த வரைபடத்தில் எதைத் தொட்டாலும் கடைசியாக அதைத் திருத்தியவரின் பெயர் கீழே வரும். நான் மழையில் நின்று மூலை குறித்த தரைகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றின் கீழும் செலண்டார் ராணி. முதலில் வரைந்தவர் யார் என்பதும் உள்ளே இருக்கிறதுதான், ஆனால் அதைத் தேடிப் போய்ப் பார்க்க யாருக்கு வேறு வேலையில்லை?

பாடத்தின் கடைசிக் கட்டுரைக்கு ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அந்த வரைபடத்தை வைத்து எழுதவேண்டும். நான் தோட்டத்தை எடுத்தேன். அவளும் அதையே எடுத்தாள். முதல் வரைவைக் கொடுத்த மறுவாரம் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு கட்டுரைகளும், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் தந்த அறிக்கையும் இருந்தன. இரண்டிலும் ஒரே இடங்களில் மஞ்சள் பூசியிருந்தது. காடியில் வரும்போது பேசிப் பேசி இருவருக்கும் ஒரே வாக்கியங்கள் வந்துவிட்டிருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் படத்தில்.

"ஒரே மேப்ப ரெண்டு பேரும் போட்டு, ரெண்டு பேரும் கீழ 'கட்டுரையாளர் வரைந்தது'ன்னு எழுதியிருக்கீங்க," என்றார் மேடம்.

தோழி அசரவில்லை. "இவதான் வரைஞ்சா மேடம். நான் பேர் வச்சேன். புள்ள பெத்தவ இவ, பேர் வச்ச அத்தை நான். அத்தைக்கும் உரிமை இருக்குலா."

மேடம் சிரித்துவிட்டார். எனக்கு ஒரு பதில் தோன்றியது, ஆனால் அது தங்கா பத்துவில் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தோன்றியது.

சிரித்தாலும் மேடம் விடவில்லை. வரைபடம் எங்கள் இருவருடையதும் அல்ல என்றார். படத்தின் கீழ் வரைபடத்தின் பெயரைப் போட்டு, பங்களிப்பாளர்கள் என்று மொத்தமாக எழுதவேண்டும். கட்டுரைக்குள் எந்தத் தகவல் யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரை அங்கேயே சொல்லவேண்டும், அது பக்கத்து நாற்காலியில் இருக்கும் தோழியாக இருந்தாலும். இரண்டு வாரத்தில் இதைச் சரிசெய்யாவிட்டால் இருவரில் ஒருவர் வேறு ஊரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். யார் என்று அவர் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டால் நான்தான் போகவேண்டியிருக்கும்; எந்தக் குலுக்கலிலும் நான் ஜெயித்ததில்லை.

தோட்டத்தை விட்டுத்தர எனக்கு மனமில்லை. அன்றிரவே உட்கார்ந்து வரைபடத்தின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது என்னுடையது, எது அவளுடையது என்று பிரித்தேன். சந்தோஷமான வேலை அது, ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவற்றில் கோடு என்னுடையது. ஆனால் ஒன்றில் மட்டும் கோடும் அவளுடையது, பெயரும் அவளுடையது: ஆயாக்கொட்டகை.

அம்மாக்கள் விடியும்முன் பால்மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடம் அது. உத்தரத்தில் வரிசையாக ஏணை கட்டியிருக்கும். ஓர் ஆயா எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும். தோழியின் கட்டுரையில் மிக நல்ல பகுதி அதுதான். ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி, ஆயாவின் வெற்றிலை வாசனை, ஒரு குழந்தை அழுதால் எல்லாம் சேர்ந்து அழுவது. இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன், கிடைக்கவில்லை. இப்போது வரைபடத்தில் கிடைத்துவிட்டது. அவள் அதைப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் வரைந்திருந்தாள். அங்கே தரையே கிடையாது. அந்த இடத்தில் நான் நடந்திருக்கிறேன். ஆயாக்கொட்டகை முதல் லயன் கடைசியில் இருந்தது என்பதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கே இருக்கும் தரையை நான்தான் வரைந்திருந்தேன். அவள் பெயர் எழுதாமல் விட்ட ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. ஆக, இல்லாததை வரைந்திருக்கிறாள். அதுவும் தப்பான இடத்தில்.

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடலாம், வீட்டுக்காரர் காடி ஓட்டுவார் என்று உடனே பதில் வந்தது. அவர் முன்னால் அவள் தோற்பதைப் பார்க்கலாம் என்று நான் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் காடியை நிறுத்திவிட்டு, அவர் ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் முன்னால் நடந்து, முதல் லயன் கடைசித் தரையில் போய் நின்றேன்.

"இதான்," என்றேன்.

தோழி இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தாள். "இது கிராணி வீட்டுக் குசினிலா."

இது தோட்டக் கணக்கரான கிராணியின் சமையலறை இல்லை என்றேன். இங்கிருந்து ஏணைகளைப் பார்த்த நினைவு இருக்கிறது, குழந்தைகள் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றேன்.

"கேட்டிருக்கும். பக்கந்தானே. நீ எங்கேயிருந்துடி கேட்ட?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்: "நீ ஒரு நாளாச்சும் ஆயாக்கொட்டகையில கெடந்தியா? உங்கம்மா கிராணி வீட்டுல சமைச்சாங்க. நீ இந்தப் படியில உக்காந்துகிட்டு பிஸ்கட் தின்ன. நாங்க அங்க கஞ்சி குடிச்சோம்."

காடிக்குள்ளிருந்து அவள் கணவர் கொசு கடிக்கிறது என்று குரல் கொடுத்தார்.

அவள் பெரட்டுக் களத்துப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன். அங்கே வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகள் குவிந்து காய்ந்து கிடந்தன, அவற்றின்மேல் கொடி படர்ந்திருந்தது. நான் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன், பலமுறை. அவள் இரண்டு மட்டைகளைக் காலால் தள்ளி, மூன்றாவதைக் கையால் இழுத்தாள். கீழே சிமெண்டு. பாசி பிடித்து, பச்சையாக, ஒரு சின்னப் படியோடு.

"வாசல்ல பைப்பு இருக்கும். ஆயா எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக் கழுவி விடும். பைப்ப எடுத்துட்டாங்கபோல," என்றாள்.

எடுக்கவில்லை. படிக்கு எதிரே, கொடிக்குள், முழங்கால் உயரத்தில் துருப்பிடித்து நின்றது. அவள் வருவதற்கு வெகுநாள் முன்னாலேயே நான் வரைபடத்தில் போட்ட பைப்பு. இடம் சரியாக விழவேண்டும் என்று மூன்று தனித்தனி ஞாயிறுகளில் வந்து பார்த்துப் போட்டது. லயனே இல்லாத இடத்தில் ஒரு பைப்பு ஏன் தனியாக நிற்கிறது என்று மட்டும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குச் சாட்சியை நானே வரைந்து வைத்திருந்தேன்.

கொடியை விலக்கிப் பைப்பைக் காட்டினேன். அவள் கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். "நீ போட்டதா? நல்லதாப் போச்சுடி. உன் பேரையும் போட்டு எழுதுறேன்," என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள். கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திறந்தபோது ஒரு வழி தெரிந்தது. ஆயாக்கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டுவிடலாம். எந்த மென்பொருளும் எழுதாததற்கு மஞ்சள் பூசாது. அவள் பெயர் என் கட்டுரையில் வராது. என் படத்திலிருந்தும் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, அப்படியே ஒரு வரைவை முடித்தும் விட்டேன். பிறகு படத்தைப் பார்த்தேன். தோட்டத்தின் நடுவில் ஒரு தரை, பெயரில்லாமல். என் கட்டுரையைப் படிப்பவர் அது என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றாகும். பதிவு வேலையில் இருப்பவள் நான். தெரிந்த விவரத்தை விட்டு ஒரு நோயாளியின் அட்டையை நான் மூடியதில்லை.

அவள் முழுப்பெயரை எழுதினேன். ஆயாக்கொட்டகையின் இடமும் அமைப்பும் அவர் நேரில் கூறியது, என்று எழுதி அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டேன். அவள் வர்ணனையிலிருந்து ஒரு வார்த்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, கிராணி வீட்டுப் பின்படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அங்கிருந்து என்ன தெரியும் என்று எழுதினேன். ஏணைகள் ஆடுவது தெரியும். யார் எந்த ஏணையில் என்று தெரியாது. பிஸ்கட் கையிலிருக்கும். கழுவிவிட வரிசையில் நிற்கும் பிள்ளைகள் தண்ணீரில் கூச்சலிடுவது கேட்கும். அந்தக் குழந்தையை யாரும் வரிசைக்குக் கூப்பிடமாட்டார்கள். புது அறிக்கை வந்தபோது அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

இருவருக்கும் தோட்டம் தங்கியது. மதிப்பெண் அவளுக்குத்தான் அதிகம். அவள் கட்டுரையின் ஓரத்தில் மேடம் "கண்ணீர் வந்தது" என்று எழுதியிருந்தார். என்னுடையதில் "மேற்கோள் முறை மிகச் சரி" என்று எழுதியிருந்தார். அவள் கட்டுரையில் பைப்புக்கு நேராக என் பெயர் இருந்தது, சொன்னபடியே. ஒரு பைப்புக்கு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு தனியாகப் போனேன். ஆயாக்கொட்டகைத் தரையை அவள் வரைந்திருந்த விதம் கோணலாக இருந்தது. நினைவிலிருந்து வரைந்தால் அப்படித்தான் இருக்கும். மட்டைகளை முழுவதும் விலக்கி, நான்கு பக்கமும் அளந்து, வீட்டுக்கு வந்து மூலைகளை நேராக்கினேன். தொட்டுப் பார்த்தேன். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

மறுநாள் கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். செலண்டார் ராணி. பெயரோடு சிமெண்டுத் தரை என்ற விவரத்தைச் சேர்த்திருந்தாள். திருத்தத்துக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில், "மூலையை நேராக்கிய குசினிக்காரிக்கு நன்றி" என்றிருந்தது.

முதல் லயன் கடைசியில் இருக்கும் தரையைத் திறந்தேன். அதற்கு இன்னும் பெயரில்லை. கிராணி வீட்டுக் குசினி என்று எழுதினேன். பின்பக்கத்துப் படியையும் தனியாக வரைந்தேன். இரண்டின் கீழும் என் பெயர் வந்தது. இதுவரை அவள் அதைத் தொடவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன்.