வெனியமின் லுக்கிச்சும் ஒரு தீக்குச்சியும்

"மனவுறுதி மிக்கவர். நெருக்கடியில் தயங்காமல் விரைந்து முடிவெடுப்பவர். தோழர்களுக்கு முன்மாதிரி." எங்கள் அணு உலையின் பணியாளர் பிரிவு வெனியமின் லுக்கிச்சைப் பற்றி எழுதி வைத்திருந்த நற்சான்று இது. எல்லோருக்கும் இதையேதான் எழுதுவார்கள், பெயர் மட்டும் மாறும். எனக்கும் அதே மனவுறுதிதான் வாய்த்திருந்தது.

உண்மையான வெனியமின் லுக்கிச் மீன்கடை வரிசையில் நின்றால், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு ரொட்டிக் கடைக்குப் போய்விடுவார்கள். எந்த உப்புமீனை எடுப்பது என்பது அவருக்குத் தீராத சிக்கல். நாயிடம் பயம், லிஃப்டில் ஏறப் பயம், மனைவி கிளாஃபிரா பேசாமல் இருந்தால் அதற்கும் பயம். அவரைத்தான் உலையின் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலி என்னுடையது.

வேலையை விளக்கும்போது மட்டும் அவர் நாக்கு தடுமாறாது. ஒருநாள், ஆறு குடும்பங்களுக்குப் பொதுவான அந்தச் சமையலறையில் கிளாஃபிரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு உருண்டையை எடுத்து இரு கையாலும் இழுத்தார்.

"பாரு கிளாஷா," என்று மனைவியைச் செல்லப் பெயரால் அழைத்தார். "யுரேனியத்தோட கரு இப்படித்தான், நிலையில்லாம கொழகொழன்னு இருக்கும். ஒரே ஒரு நியூட்ரான் உள்ள போனாப் போதும். நீண்டு, இடுப்பு ஒடுங்கி, ரெண்டாப் பிச்சுக்கும். ரெண்டு துண்டும் ஒண்ணையொண்ணு விரட்டிக்கிட்டுத் தெறிச்சு ஓடும். அந்த வேகம்தான் சூடா மாறுது. கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் கிளம்பும். அதுங்க போய் அடுத்த கருவைப் பிளக்கும்."

"உலையை நிறுத்திட்டா?"

"பிளக்கிறது நிக்கும், சூடு நிக்காது. பிஞ்ச துண்டுங்க சும்மா கிடக்காது, நாள் கணக்கா பொருமிக்கிட்டே இருக்கும். நீராவிக் குளியல் வீட்டுல நெருப்பு அணைஞ்ச பிறகும் கல்லு சுடுதில்ல?"

"உங்க அம்மா மாதிரின்னு சொல்லுங்க, சட்டுனு புரியும். மாவைக் கீழ வைங்க."

அந்த ஆண்டு புரட்சி விழாவுக்கு எங்கள் உலை நாட்டுக்கு ஒரு பரிசு தருவதாக முடிவாயிற்று. விழா முடியும்வரை ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடும். வெற்றிகரமாக ஓடி முடித்ததாக மாஸ்கோவுக்குத் தந்தியும் முதல் நாளே போய்விட்டது. முதலில் சாதித்ததாக அறிவித்துவிட்டுப் பிறகு சாதிப்பது எங்கள் வழக்கம். உலை ஓடினால் வெனியமின் லுக்கிச்சுக்குப் புதுக் கட்டடத்தில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்துக்கு இன்னும் சன்னல் வைக்கவில்லை. கிளாஃபிரா திரைச்சீலைகளைத் தைத்து முடித்திருந்தாள்.

விழாவன்று நண்பகலில் உலை தானாகவே நின்றது. உலையைக் குளிர்விக்கும் ஒரு குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டதாக அதன் மானி சொன்னது. அந்த மானி பொய்க்குப் பெயர் போனது. அதற்கும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. அதன் இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகினால் வாயை மூடிக்கொள்ளும். பிறகு, உலையை நிறுத்த உள்ளே இறங்கியிருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளை மேலே இழுத்தால் உலை பழையபடி ஓடும். புகைபிடிக்காதவர்கள் பையிலும் தீப்பெட்டி இருந்தது.

ஆனால் உடனே செய்ய வேண்டும். பிளந்த துண்டுகளில் சில மெல்லச் செனான் வாயுவாக மாறும். செனான் நியூட்ரான்களை விழுங்கும். அரைமணி நேரம் தாண்டினால் அது பெருகிவிடும். பிறகு எந்தக் கம்பியை இழுத்தாலும் உலை எழாது, ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டியதுதான். இதைக் குழியில் விழுவது என்போம்.

தலைமைப் பொறியாளர் குர்போவ் அணிவகுப்பிலிருந்து பதக்கங்கள் குலுங்க ஓடி வந்தார்.

"லுக்கிச், இன்னுமா உக்காந்திருக்கே? குச்சியைச் செருகு, கம்பியை இழு!"

"இழுக்கிறேன் தோழர் குர்போவ். ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"என்னத்தய்யா பாக்கப் போறே? மீனா வாங்குறே?"

நான் சிரித்துவிட்டேன். வெனியமின் லுக்கிச்சும் சிரித்தார். முகத்தை மானிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பொய் சொல்றப்ப எப்பவும் முள்ளு ஆடி ஆடி விழும். இன்னிக்கு ஆடாம விழுந்திருக்குங்க."

"அதனால?"

"அதனால என்னன்னு எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னா செருகு!"

"தெரியாம எப்படிங்க செருகுறது?"

"வீடு வேணுமா வேண்டாமா உனக்கு?"

"வேணுங்க. கிளாஷா திரைகூடத் தைச்சுட்டா."

சொல்லிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். குர்போவே இழுத்திருக்கலாம். ஆனால் இழுப்பவர்தான் பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். அதனால் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கத்தினார். நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் அழுத்தமானிகளை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி கடந்தது. குழியில் விழுந்தோம். குர்போவ் உட்கார்ந்துவிட்டார்.

உலை ஆறிய பிறகு திறந்து பார்த்தார்கள். அந்தக் குழாயில் ஒரு ரப்பர் வளையம் கழன்று வந்து அடைத்திருந்தது. கம்பியை இழுத்திருந்தால் உள்ளிருந்த யுரேனியம் உருகியிருக்குமா என்பதில் விசாரணைக் குழு இரண்டாகப் பிரிந்தது, கணிசமான வெப்பத்தையும் வெளியிட்டது. முடிவு வரவில்லை.

வீடு வேறொருவருக்குப் போயிற்று. திரைச்சீலைகளைப் பொதுச் சமையலறையில் மாட்டினாள் கிளாஃபிரா. நீளம் கூடுதலாக இருந்தது. வெட்ட மனம் வராமல் மடித்துத் தைத்தாள். ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம்தான் அவருக்கு உண்மையான நெருக்கடி. நற்சான்றை யாரும் திருத்தவில்லை. இன்றும் அதில் அவர் தயங்காமல் விரைந்து முடிவெடுப்பவர்.

"அடைப்பு இருக்கும்னு முன்னாடியே ஊகிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அட, இல்லப்பா. பயமா இருந்துச்சு."

வெனியமின் லுக்கிச் அன்று தீக்குச்சியைச் செருகவில்லை, கம்பிகளை இழுக்கவில்லை. நின்றுபோன உலை ஆறும்வரை தண்ணீர் பம்புகளை ஓடவிட்டு, மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.