சற்றே நீட்டியிருந்த சீட்டு

ஏலப்பாறையில் நான் இப்போது வேலை பார்க்கும் ஆசுபத்திரியில் ஒரு பெரியவருக்குக் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் மதினியின் பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். "சிஸ்டர், அண்ணாச்சி போயிட்டாக. காப்பி குடிச்சாக, டம்ளர கீழ வச்சாக, அம்புட்டுதான்" என்றாள். நான் பாட்டிலை மாட்டி முடித்தேன். சொட்டு ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்தேன். அப்புறம்தான் மருந்து அறைக்குள் போய் அழுதேன். கைவேலையைப் பாதியில் விட்டுவிட்டு அழுவது அண்ணாச்சிக்குப் பிடிக்காது.

ஆசீர்வாதம் அண்ணாச்சியை உங்களில் பலருக்குச் சபையின் உபதேசியாராகத்தான் தெரியும். பாஸ்டர் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், ஜெபம், பாட்டு, சண்டை தீர்ப்பது எல்லாம் அண்ணாச்சிதான். எனக்கு அவர் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். நான் அங்கே நர்ஸ். தோட்டத்தைப் பூட்டும் வரைக்கும் ஒரே அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் கிழவர்களானோம். நினைவு ஆராதனைக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல வார்த்தைக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் நல்லதல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் காகிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.

முதலில் அவருடைய கைகளைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் மருந்து அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் அண்ணாச்சி அதற்கு நேராக நிற்பார். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரிப்பார். ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம் சாவியை எடுப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன அண்ணாச்சி இது, ரேகை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி. கையில ஒண்ணும் ஒளிச்சு வைக்கலன்னு அவருக்குக் காட்டிட்டுத்தானே மருந்தத் தொடணும்" என்றார். கர்த்தருக்குப் பயப்படுவது என்றால் நடுங்குவதல்ல என்பார். "மதிப்பான ஆளு வீட்டுக்குள்ள வந்தா சட்டைய இழுத்து விட்டுக்கிடுதோம்லா, அதான் பயம்." கொஞ்ச நாளில் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

சிரிப்புக்கும் குறைவில்லை. திங்கட்கிழமை காலை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிப் பேர் வயிற்றுவலி என்று லீவுச் சீட்டுக்கு வந்து நிற்பார்கள். அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "வலி வயித்துலயா, கொழுந்துலயா?" என்று கேட்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பிறகு வயிற்றுவலி என்று எழுதமாட்டார், 'ஓய்வு தேவை' என்று எழுதித் தருவார். "இது பொய் இல்லியே தங்கச்சி. இந்த மலையில யாருக்கு ஓய்வு தேவையில்ல?" நானும் சிரித்தேன். உண்மையைக் கொஞ்சம் திருப்பி வைக்க அவருக்குத் தெரியும் என்பதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் திருப்பி வைக்க மறுத்த நாளும் உண்டு. செடிக்கு மருந்தடிக்கப் போன ஒருவர் மூக்கு மூடத் துணிகூட இல்லாமல் விஷப் புகையில் மயங்கி விழுந்தார். அவர் குடித்திருந்தார் என்று எழுதச் சொல்லி மேனேஜர் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அண்ணாச்சிக்கு அப்போது பெரிய ஆசுபத்திரிக்கு மாற்றலும் கூடுதல் சம்பளமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவர் எழுந்து நின்று, "சார், இந்தக் கையெழுத்தப் போட்டுட்டு நாளைக்குக் காலையில அலமாரி முன்னாடி எந்தக் கைய விரிப்பேன்?" என்றார். மாற்றல் போயிற்று. அன்று மாலை எஸ்தர் மதினி அவரைத் திட்டித் தீர்த்தார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இப்படி ஒரு மனிதரோடு வேலை பார்க்க நான் கொடுத்துவைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

இனி சீட்டு. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது நம் சபைகளில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஆளுக்கொரு சீட்டு, சீட்டுக்கொரு வசனம், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நம்மோடு பேசும் வார்த்தை அது. மற்ற சபைகளில் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். நம் சபையில் அண்ணாச்சி சீட்டுகளை விசிறி மாதிரி கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார். கடைசியில் மிஞ்சும் ஒன்று அவருக்கு. வாய்த்துடுக்குக்காரிக்கு நாவை அடக்கும் வசனம் வரும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் வரும். குடிகாரனுக்குத் திராட்சரசம் பற்றி வரும். "கர்த்தருக்கு எப்படித்தான் தெரியுதோ!" என்று எல்லாரும் மலைத்துப்போவோம். இப்போது நினைத்தால் எனக்கு நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த விசிறியில் எப்போதும் ஒரு சீட்டு மட்டும் விரல்நுனி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கை தானாக அதற்குத்தான் போகும்.

என் தலையெழுத்தை மாற்றிய சீட்டு ஒன்று உண்டு. சவுதியில் ஓர் ஆசுபத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டில் மழைக்காலம் முழுவதும் சுவர் வியர்க்கும், அம்மாவின் நெஞ்சு சத்தம் போடும். நாலைந்து வருஷம் போய்வந்தால் தென்காசிப் பக்கம் அம்மாவின் ஊரில் ஈரமில்லாத ஒரு வீடு கட்டிவிடலாம். எனக்கு ஆசை, பயம் இரண்டும் இருந்தன. உபவாசம் இருந்து ஜெபித்தேன். பிறகு ஒரே ஒரு மனிதரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, நானா முடிவெடுக்க மாட்டேன். புதுவருஷச் சீட்டுல என்ன வருதோ அதுபடி செய்வேன்." அவர் கையில் இருந்த மாத்திரைகளை எண்ணுவதை நிறுத்தினார். "சீட்டு நம்ம மடியில விழுது தங்கச்சி. தீர்ப்பு மேலயிருந்து வருது. வேதத்துலயே இருக்கு" என்றார். மறுபடி எண்ணத் தொடங்கியபடி, "சரி, அவரே பேசட்டும்" என்றார்.

புத்தாண்டுக் காலையில் என் கைக்கு வந்தது, இருக்கிற தேசத்திலேயே தங்கு, உன்னோடு இருந்து உன்னை ஆசீர்வதிப்பேன் என்ற பொருளுள்ள வசனம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணாச்சிக்குக் கடைசியாக மிஞ்சியது ஆபிரகாமுக்குச் சொன்னது, ஊரையும் இனத்தையும் விட்டுப் புறப்படு என்பது. அவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இந்த முட்டிவலியோட என்னைய எங்க புறப்படச் சொல்லுதாரு?" என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சீட்டைக் காட்டினேன். "ஆண்டவரே சொல்லிட்டாருன்னா குறுக்க நிக்க நான் யாருட்டி?" என்றாள். அந்த வீட்டைப் பற்றி அதற்குப்பின் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு ஆடி மழையில், வியர்த்த சுவருக்குப் பக்கத்தில், மூச்சுக்குத் தவித்துத்தான் போனாள். அப்போதும் நான் ஆண்டவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. அவர் சொல்லித்தானே இருந்தேன்.

அண்ணாச்சியின் துக்க வீட்டில் அவரைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைச் சட்டை போட்டு, நெஞ்சில் வேதப்புத்தகம் வைத்து, கைகளுக்கு வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். எஸ்தர் மதினி அழுது ஓய்ந்து அவருடைய அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். "டிசம்பர் பொறந்துட்டா அவுகளுக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு குடும்பமா நினைச்சு நினைச்சு, இன்னாருக்கு இன்ன வசனம்னு சீட்ட அடுக்குவாக. எடுக்கிறவ கைக்கு வசமா ஒண்ண மட்டும் நீட்டி வைப்பாக."

"அடி ஆத்தி! எங்க மேல எம்புட்டுப் பாசம்!" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்வராணி, உனக்குத்தான்ட்டி ரொம்ப யோசிச்சாக. அவ போயிட்டா பேறுகாலத்துக்கு லயத்துப் பொம்பளைகளுக்கு யாரு இருக்கான்னு ஒரே பொலம்பல். அந்தப் புறப்படுத சீட்டு தப்பித்தவறி உன் கைக்குப் போயிரக் கூடாதுன்னு அடியில சொருகுனாக. கடைசியில அவுக தலையிலயே விழுந்துச்சு பாரு!" அழுகையின் நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவருடைய வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து அந்தப் பழைய 'புறப்படு' சீட்டை எடுத்து என் கையில் வைத்து, "ஞாபகத்துக்கு வச்சுக்கோம்மா" என்றார்.

மதினி மேல் எனக்கு வருத்தமில்லை. பாசத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றேன். வாய்விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது துக்கமல்ல, ஆத்திரம். கூட இருந்து குழிபறித்தார் என்றுதான் தோன்றியது. நான் தங்கியதால் பிழைத்த பிள்ளைகள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள், ஜீப்பிலும் லயத்து வாசலிலும் என் கையில் பிறந்தவர்கள். அவர்களைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம். அவர்களை நான் உங்களைவிட நன்றாகவே அறிவேன்.

அண்ணாச்சி, உங்கள் வாயால் கேட்டிருக்கலாமே. "போகாத தங்கச்சி, இங்க ஆளில்ல" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பேன். இல்லாவிட்டால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். எதுவானாலும் அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் தீர்ந்திருக்கும். அம்மாவும் உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பாள். மனிதனிடம் மல்லுக்கு நிற்கலாம். ஆண்டவரின் பேரைச் சொல்லி எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிவிட்டீர்களே. மேனேஜருக்காகப் பொய் எழுத மறுத்த கையால் எனக்கு முன்னால் அந்தச் சீட்டுகளை எப்படி விரித்தீர்கள்? அதற்கப்புறம் எத்தனை காலை அலமாரிக்கு முன்னால் என் பக்கத்தில் நின்றீர்கள்? ஆண்டவர் என்னோடு பேசினார் என்று நான் நம்பியிருந்த நாள் அந்தப் புத்தாண்டுக் காலை ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இந்தப் புத்தாண்டில் சீட்டு கொடுக்கச் சபையார் என்னைத்தான் கேட்டார்கள். "அண்ணாச்சி கூட இருந்தவுக நீங்கதான்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், என்னவோ சரி என்றுவிட்டேன். காணிக்கைத் தட்டைக் கழுவித் துடைத்தேன். கண் மங்கிய எஸ்தர் மதினியைக் கூப்பிட்டுச் சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். அவர் எனக்குக் கொடுத்த அந்தப் 'புறப்படு' சீட்டையும் அதில் சேர்த்துவிட்டேன். அது என் வீட்டில் இருக்க வேண்டாம். யார் கைக்குப் போயிற்று என்று பார்க்கவும் இல்லை.

மூன்றாவது பெஞ்சில் ஜான்சி இருந்தாள். என் கையில் பிறந்தவள்தான், இப்போது நர்சிங் முடித்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போவதா, நோய்ப்பட்ட அப்பாவோடு இருப்பதா என்று அவள் தவிப்பது ஊருக்கே தெரியும். தட்டை நீட்டியபோது, எந்தச் சீட்டு என்று தெரியாமலே ஒன்றை அவள் பக்கம் நகர்த்த என் கட்டைவிரல் துடித்தது. அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் போலவே இருந்தது. அண்ணாச்சிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு முழித்தாள். ஆட்டு மந்தையை நன்றாகக் கவனித்துக்கொள் என்று வந்திருந்தது.

"என்ன சிஸ்டர் இது? எங்க வீட்டுல ஆடே கிடையாதே. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குத் தெரியாதும்மா. நீ அவர்கிட்டயே கேளு" என்றேன். எனக்குத் தெரியாது என்று அண்ணாச்சி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. என்னை மோசம் பண்ணியவரிடமிருந்துதான் அதையும் கற்றேன், என்ன செய்ய? தட்டு காலியானதும் பீடத்தில் வைத்துவிட்டு அதற்கு நேராக நின்றேன். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தேன். இந்த முறை ஆண்டவருக்கு மட்டும் காட்டவில்லை. அண்ணாச்சிக்கும் காட்டினேன்.