அம்மன் பெயருக்குப் போடாத பூட்டு

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். அவரோடு பேசத்தான் வீட்டில் வைஃபை வைத்தோம். அதற்கு எங்கள் வீரபாண்டி அம்மன் பெயரையே, கௌமாரி என்று வைத்தேன். தாய் பெயரைப் பூட்டி வைக்க மனம் வராமல், பாஸ்வேர்டு போடாமலே விட்டுவிட்டேன்.

வீரபாண்டித் தேரைப் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன, இந்தத் தடவை போனிலாவது காட்டு என்று அவர் கேட்டிருந்தார். கூட்டத்தில் நின்று வீடியோவில் அழைத்தேன்.

"தேரு அசையுதா புள்ள?" என்றார்.

வடம் பிடிக்கும் நேரத்தில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. வைஃபை அடையாளம் தெரிந்தது, நெட் வரவில்லை. நான் தடுமாறி நிற்கும்போதே தேர் போய்விட்டது. அழுகை வந்தது.

கூட வந்த கொழுந்தனார் போனை வாங்கிப் பார்த்தார். "இந்த மோர்ப் பந்தல்லயும் கௌமாரின்னுதான் வைஃபை வச்சிருக்காக மதினி. அதுக்கும் பூட்டு இல்ல. பேரும் ஒண்ணா இருக்கவும், ஒங்க போனு வீடுன்னு நெனச்சு ஒட்டிக்கிருச்சு. கூட்டம் பூரா இதுலயே தொத்திக்கிட்டதுல நெட்டு வரல. நம்மளது பூட்டுப் போட்டதா இருந்தா, இது வேறன்னு அதுவே கண்டுக்கிருக்கும்."

அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு அன்றே பாஸ்வேர்டு போட்டோம். இப்போது வெளியே கிளம்பினால் போனில் வைஃபையை அணைத்துவிடுகிறேன்.

பாஸ்வேர்டை வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன்.

"எனக்கு எதுக்குப் புள்ள? குவைத்து வரைக்குமா எட்டும்?" என்று சிரித்தார்.

"நம்ம வீட்டுக்குள்ள நொழஞ்சதும் ஒங்க போனு கேக்கும்ல?" என்றேன்.

"மறக்காம வச்சுக்கிறேன்" என்றார்.