கான்டெஸாவில் கோவளம்: முப்பத்தொன்பது கிலோமீட்டர், இரண்டு இன்ஜின்கள்

1996ஆம் ஆண்டு, பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, காலை 5.50க்கு அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து கோவளத்துக்குக் கிளம்பினோம். நானும் என் மனைவி கிருபாவும் மட்டும். படகுகள் கரைக்கு வருவதையும் மீன் ஏலம் போவதையும் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அவளுக்கு முதுகெலும்பில் கட்டி. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவள் என்னிடம் கேட்டு வாங்கிய கடைசிப் பயணம் இது.

இத்தனை ஆண்டு கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய வேகக் கார்களைத் தேடி வாங்கும் இளைஞர்கள் என் பதிவுகளின் கீழே வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு தரும், செலவு தாங்குமா, டீசலுக்கு மாற்றிவிடலாமா? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினேன். ஆங்கிலம் கற்றதே பழைய கார் கையேடுகளை அகராதியோடு வைத்துப் படித்துத்தான். பட்டம் வாங்கியவர்கள் பலர் என் கான்டெஸா காரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஒருவர்கூட அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர் இல்லை. ஆகவே பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

வண்டியை 1992இல் பல்லாவரத்துத் தோல் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். கான்டெஸா, 1.8 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர், கருநீலம். விலை எண்பத்திரண்டாயிரம். ஊருக்குள் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் ஒன்பதரை. கிளட்ச் தட்டு ஒரு முறை, நான்கு டயர்கள் ஒரு முறை, ரேடியேட்டர் இரண்டு முறை. முதல் ஆண்டில் பெட்ரோல் தவிர்த்துப் பதினோராயிரம் ஆனது. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த கிருபாவின் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்று மாதம்.

அவளுடைய அண்ணன் டேனியல், வங்கி அதிகாரி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இது கார் இல்ல. பெட்ரோல் பங்குக்காரனுக்கு நீங்க கட்டற தசமபாகம்." வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்துப் பழகியவர்கள், சர்ச்சிலிருந்து வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கிருபா மட்டும், "அண்ணா, உன் ஸ்கூட்டர்ல நான் ஏறினா எனக்குப் பல்லு ஆடுது. இதுல ஆடல" என்றாள்.

சந்தோஷக் கணக்கையும் எழுத வேண்டும். வண்டி வாங்கிய முதல் மாதம் இதே கோவளம் சாலையில் போனோம். வண்டலூர் தாண்டி ஐந்தாம் கியரில் நூற்றுப்பத்து. நான் பயந்து காலை எடுத்தேன். "ஏன், இன்னும் மிதி இருக்குல்ல?" என்றாள் கிருபா. கேளம்பாக்கத்தில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்தேன். டீயில் ஒரு சின்ன வளையம்கூட எழவில்லை. அவள் விரல் நுனியை டாஷ்போர்டில் வைத்துப் பார்த்தாள்.

"நின்னுடுச்சா?"

"ஓடுது."

"பொய் சொல்லாதீங்க."

நான் ஆக்சிலேட்டரைத் தொட்டேன். அவள் குழந்தை மாதிரிச் சிரித்தாள். அதன் பிறகு எந்த ரயில்வே கேட்டில் நின்றாலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றரை ஆண்டு.

1995 அக்டோபரில் அவளுக்கு நோய் என்று தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் நகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். போக வர நாற்பத்தாறு கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் பதினெட்டு ரூபாய் அளவில் விற்றது. நெரிசலையும் சேர்த்தால் ஒரு நடைக்கு நூற்றுப்பத்து ரூபாய். மருந்துச் செலவு தனி. பேருந்திலும் ஆட்டோவிலும் அவளால் உட்கார முடியவில்லை. இந்த இருக்கையில் மட்டும் தலையணை வைத்துச் சாய்ந்தால் வலி அடங்கியது. "இது மட்டும்தான் என்னைக் குலுக்கறதில்ல" என்பாள்.

டிசம்பரில் டேனியல் மச்சான் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார். "பெட்ரோலுக்கு வச்சுக்கோங்க மாப்ள. என் தங்கச்சிக்குத்தானே." அந்தக் கவரை நான் தொடவில்லை. "தசமபாகம் நானே கட்டிக்கிறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு நிறைவாகவே இருந்தது.

கிருபாவைப் பத்து நாள் வார்டில் சேர்த்தார்கள். அந்தப் பத்து நாளில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். இரும்புலியூரில் ஷெட் வைத்திருந்த ஏழுமலை பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னா சார், இந்த வண்டி பெட்ரோலையா குடிக்குது? உன் ரத்தத்த குடிச்சிகினு கீது. டீசல் இஞ்சின் ஒண்ணு வந்துகீது, வேன்ல இருந்து எறக்குனது. மாட்டிக்கினா லிட்டருக்குப் பதிமூணு கேரண்டி." அந்தக் காலத்தில் பெட்ரோல் கட்டுப்படியாகாத பெரிய கார் வைத்திருந்த பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். பழைய இன்ஜினைக் கொடுத்து மேலே இருபத்தோராயிரம் தந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றி எழுத நான்கு நாள் அலைந்தேன். கணக்கு சரியாக வந்தது: ஒரு நடைக்கு இருபத்தெட்டு ரூபாய். ஏறக்குறைய எண்பது ரூபாய் மிச்சம். இனி யாருடைய கவரும் வேண்டாம். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வார்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

வார்டில் படுத்துக்கொண்டே அவள் கேட்டாள், "வீட்டுக்கு வந்ததும் கோவளம் கூட்டிட்டுப் போறீங்களா? நம்ம வண்டியில?" சரி என்றேன்.

வீட்டுக்கு அழைத்துவந்த நாளில், மருத்துவமனை வாசலிலேயே, நான் இன்ஜினைக் கிளப்பியதும் அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள். இருக்கை, கதவு, கண்ணாடி எல்லாம் தடதடவென்று ஆடின. கிண்டி வருவதற்குள் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். விரலை டாஷ்போர்டில் வைக்கவில்லை. வைத்துக் கேட்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, "எவ்வளவு மிச்சம்?" என்றாள். சொன்னேன். "கணக்கு சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கணக்கு டீச்சர் அவள். விடை சரியாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் ஏழுமலையின் ஷெட்டில் நின்றேன். பழைய இன்ஜினைத் திருப்பி மாட்டு, என்ன ஆனாலும் தருகிறேன் என்றேன்.

"அது போய்ட்ச்சே சார். கோயமுத்தூர்லேர்ந்து பந்தயம் ஓட்றவர் ஒர்த்தர் வந்தாரு, லாரில ஏத்திகினு பூட்டாரு. ஏன் சார், இது நல்லாத்தானே இழுக்குது?"

"இழுக்குது" என்றேன். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்தவர். இன்ஜினின் அடியில் வைக்கிற ரப்பர்களை மட்டும் புதிதாக வாங்கி நானே மாற்றினேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. போதுமான அளவு குறையவில்லை.

கோவளத்துக்கு வாடகை வண்டி பிடிக்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. "நம்ம வண்டியிலன்னுதான் சொன்னேன்." பிடிவாதத்தில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை.

இனி பயணம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் ஐந்து கிலோமீட்டர் குறைவு. ஆனால் அன்றைக்கு அந்தச் சாலை முழுக்கக் குழி. ஆகவே குரோம்பேட்டை ரயில்வே கேட், ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றினேன். 39 கிலோமீட்டர். குரோம்பேட்டை கேட்டில் ஆறு நிமிடம் நின்றோம். இன்ஜினை அணைத்துவிட்டேன். அணைக்கச் சாவி போதாது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழை இழுக்க வேண்டும், அப்போதுதான் டீசல் நிற்கும். நின்றதும் அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அதுவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தாம்பரம் 6.20. வண்டலூரில் இடது புறம் திரும்பும்போது 6.45. அங்கிருந்து முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மணியடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் எங்களோடு போட்டி போட்டார். "அவர முந்துங்க, மானம் போகுது" என்றாள் கிருபா. முந்தவில்லை.

கோவளம் 7.50. ஏலம் நடந்துகொண்டிருந்தது. மணலுக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்திக் குமிழை இழுத்தேன். அவளால் இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, கூடையோடு போன ஒரு மீன்காரம்மாவிடம், "அக்கா, சங்கரா என்ன விலை?" என்று கத்தினாள்.

"இன்னாம்மா, கார்ல குந்திகினே வெல கேக்கறே? எறங்கி வந்து மீனப் பாரு. மீனு உன் வூட்டு வேலக்காரியா, உன்னாண்ட வர?"

"எறங்க முடியலக்கா. முதுகு."

அந்த அம்மாள் கிட்டே வந்து, தலையணைகளையும் கிருபாவின் கையில் ஊசி குத்திய தழும்புகளையும் பார்த்தார். கூடையை ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்தார். "பாரு. செவுளத் தூக்கிப் பாரு. காலைல எறங்குனது."

கிருபா செவுளைத் தூக்கிப் பார்த்து, கிலோ நாற்பது சொன்னதை முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தாள். கால் மணி நேரம் பேரம். நான் பையைப் பிரித்ததும் அந்த அம்மாள், "சாருக்குப் பேச வராதா? எல்லாம் நீதானா?" என்றார். "அவர் இன்ஜின்கிட்ட மட்டும்தான் பேசுவார்" என்றாள் கிருபா. இரண்டு பேரும் சிரித்தார்கள். கடல் காற்று உள்ளே வந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வண்டி அசையாமல் நின்றது.

9.25க்குத் திரும்பினோம். ஊரைத் தாண்டி, கழிமுகப் பாலத்தின் உச்சியில் ஏறியதும் எனக்கு ஒன்று தோன்றியது. இறக்கத்தில் இன்ஜினை அணைத்து வண்டியை உருட்டுவது அந்தக் காலத்தில் எல்லா டிரைவர்களுக்கும் பழக்கம், எரிபொருள் மிச்சம் பிடிக்க. நான் ஒருநாளும் செய்ததில்லை. செய்கிறவர்களைத் திட்டியிருக்கிறேன். இந்த வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். மிதி கல்லாகிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எதிரே வண்டி எதுவும் இல்லை என்று பார்த்து, நியூட்ரலில் போட்டு, குமிழை இழுத்தேன்.

சத்தம் நின்றது. ஆட்டம் நின்றது. டயர் தரையில் ஓடும் ஓசையும் காற்றும் மட்டும். தண்ணீர் இரண்டு பக்கமும் பின்னால் போனது.

கிருபா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, விரல் நுனியை டாஷ்போர்டில் வைத்தாள்.

"நின்னுடுச்சா?"

"ஓடுது" என்றேன்.

வண்டி சமதரைக்கு வந்து வேகம் குறையும்போது, "பொய் சொல்லாதீங்க" என்றாள். விரலை எடுக்கவில்லை.

வண்டலூர் வருவதற்குள் இன்னும் இரண்டு சிறிய இறக்கங்கள் இருந்தன, மாம்பாக்கம் தாண்டி ஒன்று, கொளப்பாக்கம் அருகே ஒன்று. இரண்டிலும் குமிழை இழுத்தேன். இரண்டிலும் கேட்டாள். இரண்டிலும் ஓடுது என்றேன். வீடு வந்து சேர 11.15. அந்த ஜூன் மாதம் அவள் போய்விட்டாள்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். பழைய வேகக் கார் வாங்கலாம். வாங்கும் விலையில் ஏழில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் பழுதுக்கு ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ரேடியேட்டரையும் ரப்பர் குழாய்களையும் முதல் மாதமே மாற்றுங்கள். லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். டீசலுக்கு மாற்றாதீர்கள். பெட்ரோலுக்கு வழியில்லை என்றால் வண்டியை ஷெட்டில் நிறுத்திவையுங்கள், இன்ஜினை மட்டும் விற்காதீர்கள். யாராவது கவர் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். டேனியல் மச்சானிடம் நான் இதை இன்றுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், அவர் படித்தால் படிக்கட்டும். இறக்கத்தில் இன்ஜினை ஒருபோதும் அணைக்காதீர்கள். அது ஆபத்து. நான் செய்தது தவறு.

வண்டியை அடுத்த ஆண்டே நாற்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, ஒரு நண்பரின் ஜீப்பில் போய் அந்த மூன்று இறக்கங்களையும் அளந்தேன். பாலம் முந்நூறு மீட்டர். மாம்பாக்கம் இருநூற்று எண்பது. கொளப்பாக்கம் இருநூற்று இருபது. மொத்தம் எண்ணூறு மீட்டர். முப்பத்தொன்பது கிலோமீட்டரில் அவ்வளவுதான் என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.