நேரங்கெட்ட நேரத்து ஒலிபெருக்கி

என் மச்சான் நெய்னார் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் மோதினார். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது, தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் ஹவுழைத் தேய்த்துத் தண்ணீர் நிரப்புவது, யாராவது இறந்து மவுத்தானால் மைக்கில் ஊருக்கு அறிவிப்பது எல்லாம் அவர் வேலை. என் மூத்த சகோதரி, ராத்தா கமறியாவைக் கட்டியவர். ஒரு வார்த்தை பேச ஒன்பது முறை யோசிப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். தலவில அன்னம்மா கோவிலுக்கு வடக்கே, கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் சின்ன ஊரில் கடலுக்குப் போகாத ஆம்பிளை நான் ஒருவன்தான். நீந்தவும் தெரியாது. அதற்காக ஊரே என்னைக் கேலி செய்யும், மச்சான் மட்டும் செய்யமாட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாங்கு நேரம் இல்லாத நேரத்தில் பள்ளி மைக் கேட்டால் அது மவுத்துச் செய்தி. கடலில் நிற்கிறவனுக்குச் சொல் விளங்காது, சத்தம் மட்டும்தான் போய்ச் சேரும். சத்தம் கேட்டால் போதும், வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடுவான். அடக்கத்துக்குப் போகும் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க வேண்டும் அல்லவா? மவுத்தானது யார் என்பதைக் கரையில் கால் வைத்த பிறகுதான் கேட்பான். வராதவனோடு ஊர் பல நாளைக்குக் கதைக்காது.

அது 2012, சித்திரைப் புதுவருசத்துக்குச் சற்று முன்பு. மதியம் லுஹர் தொழுது, சோறும் தின்று, பள்ளி வாசலில் த்ரீவீலுக்குள் காலை நீட்டிக் கிடந்தேன். உள்ளேயிருந்து மச்சான் கூப்பிட்டார்.

"ஹிஸ்புல்லா, இங்க வந்து இதப் பாரு."

ஹவுழ்த் தண்ணீர் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சுவரில் ஏறி, இறங்கி, மெதுவாக மற்றச் சுவருக்குப் போய் ஏறியது. காற்று இல்லை. யாரும் கை வைக்கவில்லை. மேலே தொங்கிய விளக்கும் அசைந்தது. என் காலுக்குக் கீழே பூமி ஆடியதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் கூடுதலாகப் பயந்தேன்.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்துவிட்டது. இந்தோனேசியாப் பக்கம் கடலுக்கு அடியில் மிகப் பெரிய நடுக்கம், கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே விலக வேண்டும். 2004 சுனாமி எங்கள் பக்கம் பெரிதாக அடிக்கவில்லை. ஆனால் கிழக்கிலும் தெற்கிலும் நடந்ததை டிவியில் பார்த்த கண்கள் எங்களுக்கும் இருந்தன. பள்ளித் தலைவர் இனாஸ் ஹாஜியார் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மைக்கில சொல்லுங்க மோதினார். ஒருத்தரும் கரையில நிக்கப்படாது. கடலை விட்டு உள்ளே, பாலாவிப் பக்கம் போகட்டும்."

மச்சான் சொன்னார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் கலைந்தது. லொறி, லேண்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், எது கிடைத்ததோ அதில் ஏறினார்கள். நானும் கிழடு கட்டைகளை ஏற்றி ஏற்றி மெயின் ரோட்டில் நின்ற லொறிகளில் சேர்த்தேன். கடைசியாக ராத்தாவை ஏற்றப் போனால் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் போன்.

"ஆகிப்புக்கு அடிச்சன். அவன்ட போன் அலுமாரிக்குள்ள கிடந்து அடிக்குது."

ஆகிப் அவர்களுடைய ஒரே மகன். உப்புத்தண்ணீர் பட்டுப் பழுதாகிவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான். அன்று அவனுடையதோடு சேர்த்து மூன்று வள்ளங்கள் கடலில் நின்றன. ராத்தாவைப் பலவந்தமாக லொறியில் ஏற்றிவிட்டு, மச்சானைக் கூட்டிப் போகப் பள்ளிக்குத் திரும்பினேன். அவர் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஆகிப், கரைக்கு வராதீங்க மகன். ஆழத்துக்குப் போங்க. ஒருத்தரும் வராதீங்க."

ஆழக்கடலில் சுனாமி அலை வள்ளத்தை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், கரை கிட்டத்தான் அது எழும்பிக் கொல்லும் என்று 2004க்குப் பிறகு எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. நான் மதில் மேல் ஏறிக் கடலைப் பார்த்தேன். மூன்று புள்ளிகள். சிறிது நேரம் பார்த்ததும் புள்ளிகள் பெரிதானது போலிருந்தது. இன்னும் பார்த்தேன். சந்தேகமில்லை.

"மச்சான், அவங்க வாறாங்க."

அவர் இன்னும் உரத்துக் கத்தினார். வள்ளங்களின் முன்பக்கம் எழும்பி நுரை தெரிந்தது. வேகம் கூட்டிவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தேள் கொட்டியதுபோல் மைக்கை விட்டார். வராதே என்று அவர் கத்தக் கத்த, யாரோ மவுத்து என்று அவர்கள் கரைக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். வெறிச்சோடிய கரையைப் பார்த்தாலும் ஊரே ஜனாஸா வீட்டில் நிற்பதாகத்தான் நினைப்பார்கள். மகனை அவர் குரலே அழைத்துக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தார். வள்ளங்கள் நிற்கவில்லை. ஒருமுறை கேட்டால் போதும் என்பதுதானே வழக்கம்.

"என்னோட வா," என்று மணலில் இறங்கினார். சின்ன எஞ்சின் பூட்டிய பழைய வள்ளமொன்று அங்கே கிடந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது மச்சான்."

"தெரியும். வள்ளத்தத் தள்ளு."

தள்ளினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவருக்கு வாயில் வந்ததையெல்லாம் ஏசிக்கொண்டே ஏறினேன். எஞ்சின் இருமி இருமி நின்றது, பிறகு பிடித்தது. நாடே கடலை விட்டு ஓடும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குள் போனோம். தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு சிறு திரையையும் இதுதானோ என்று பார்த்தேன்.

பாதி வழியில் சந்தித்தோம். ஆகிப் எஞ்சினைக் குறைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"வாப்பா, யாரு மவுத்து?"

"இன்னும் ஒருத்தரும் இல்ல. திருப்பு."

ஆழத்துக்குப் போய் நான்கு வள்ளங்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலை இல்லாமல் பயந்துகொண்டிருப்பது போல ஒரு கஷ்டம் வேறில்லை.

அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியாததை, பின்னர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்த ஓர் அதிகாரி விளக்கினார். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாளங்களாகக் கிடக்கிறதாம். நகம் வளர்கிற வேகத்தில் அவை நகர்கின்றன. எங்காவது சிக்கி நின்றால் இழுவிசை வருடக்கணக்காகச் சேர்ந்து, ஒருநாள் சட்டென்று விடுபடும். அதுதான் நடுக்கம். அதை அளக்கிற கருவிக்குள் ஓர் எடை இருக்கிறது. பூமி ஆடும்போது அது ஆடாமல் நிற்கப் பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி கோடாக எழுதும். பூமிக்குள் ஓடிவரும் அதிர்வில் முதலில் வேகமான அலை வரும், பின்னால் மெதுவான அலை. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை வைத்து மழை எவ்வளவு தூரம் என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான் அந்த இடைவெளி தூரத்தைச் சொல்கிறது. பல நாட்டுக் கருவிகள் சொல்லும் தூரங்கள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் நடுக்கம். நம் நாட்டில் பல்லேகலையிலும் அப்படியொரு கருவி இருக்கிறது. அன்றைய நடுக்கம் எட்டுக்கும் மேலே. ஏழை விட எட்டு ஒன்றுதான் கூட என்று நினைக்கக்கூடாது, வெளியாகும் சக்தி முப்பது மடங்கு கூட.

இடமும் அளவும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகின்றன. பாளம் எந்தப் பக்கம் அசைந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் எடுக்கும். எந்த ஊர்க் கருவி முதலில் தள்ளப்பட்டது, எது இழுக்கப்பட்டது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004இல் ஒரு பாளம் மற்றதன் கீழே புகுந்து, மேலே இருந்தது எகிறிக் கடலைத் தூக்கியது. இந்த முறை வெடிப்பின் இரண்டு பக்கமும் உராய்ந்து பக்கவாட்டில்தான் விலகின. ஹவுழின் அடியில் கையைப் பக்கமாக இழுத்தால் தண்ணீர் கொஞ்சம் கலங்கும், கீழேயிருந்து மேலே தூக்கினால்தான் வெளியே கொட்டும். அளவு தெரிந்து திசை தெரியாமல் இருந்த அந்த இடைவெளியில்தான் நாங்கள் வள்ளத்தில் குந்திக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் என் போனுக்கு எப்படியோ ராத்தாவின் அழைப்பு வந்தது.

"இன்னொண்டு ஆடினதாம் தம்பி. இதுவும் பெருசாம். ஆகிப் எங்க?"

"என் பக்கத்தில இரிக்கான் ராத்தா."

அவள் அழுதது எல்லோருக்கும் கேட்டது. மச்சான் வள்ளத்தில் இருந்தபடியே அஸர் தொழுதார். தொழுது முடித்து மகனுடைய கையைப் பிடித்தவர் விடவில்லை. இருபத்துநான்கு வயதுப் பையன், கூட்டாளிகளுக்கு முன்னால் வெட்கப்பட்டான். ஆனால் கையை இழுக்கவும் இல்லை.

அலை வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்து, இருட்டும் நேரத்தில் கரை சேர்ந்தோம். நான் மணலில் விழுந்து வாந்தி எடுத்தேன். மச்சான் நேரே பள்ளிக்குப் போனார். மக்ரிப் பாங்கில் அவர் குரல் பாதியில் உடைந்தது. ஊர் இன்னும் திரும்பவில்லை, வள்ளங்களில் வந்த நாங்கள் மட்டும்தான் கேட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர் ஒன்பது முறை யோசிக்காமல் எழுந்து சொன்னார். இனி நேரங்கெட்ட நேரத்தில் மைக் கேட்டால் கடலில் நிற்கிறவன் கரைக்கு வரக்கூடாது, ஆழத்துக்குப் போய் நிற்க வேண்டும். மவுத்து என்றால் மோதினார் தானே வள்ளத்தில் வந்து சொல்வார். அதுவரை ஜனாஸா காத்திருக்கும். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். போனில் சொல்லலாமே என்று இளசுகள் கேட்டார்கள். போன் அலுமாரிக்குள் கிடக்கும் என்றார் அவர். அன்றிலிருந்து ஊரில் எந்த மவுத்து என்றாலும் அவரே கடலுக்குப் போனார். காற்று நாளிலும் போனார். வயசான காலத்தில் இது என்ன வேலை என்று நான் ஏசாத நாளில்லை.

போன வருசம், ஒரு காலையில், ஹவுழ் ஓரத்தில் துடைப்பத்தோடு சாய்ந்தவர் எழும்பவில்லை. இனாஸ் ஹாஜியார்தான் மைக்கில் அறிவித்தார். நான் கரைக்கு வந்து பார்த்தேன். தூரத்தில் வள்ளங்கள் முகம் திருப்பி ஆழத்துக்குப் போய் வரிசையாக நின்றன. ஒன்றும் கரைப் பக்கம் வரவில்லை. அவற்றில் ஒன்று ஆகிப்புடையது. இளசுகள் தாங்கள் போவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை, மச்சான் போகிற வள்ளத்தில் நானே ஏறினேன்.

நான் வந்த வள்ளம் கிட்டப் போகுமுன்பே ஆகிப் எழுந்து நின்றுவிட்டான். சொல்ல வருவது எப்போதும் வாப்பா. என்னைக் கண்டதும் கையிலிருந்த வலையை விட்டான். யாரு மவுத்து என்று கேட்கவில்லை.

"உங்களுக்கு நீந்தத் தெரியாதே மாமா," என்றான்.

"ஓம் மகன்," என்றேன்.

அவன் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான்.